டெவன் சாலையில் கருப்பாக ஒன்று கடந்து போனது: பூனையா, சிறுத்தையா?

மழைக்கால் – செவ்வாய், பகல் 11.20

எழுதலாமா வேண்டாமா என்று இரண்டு நாளாக யோசித்து, கடைசியில் எழுதியே விட்டேன். சிரிக்கிறவர்கள் சிரித்துக்கொள்ளுங்கள், வீட்டுக்காரர் ஏற்கெனவே வேண்டிய மட்டும் சிரித்தாகிவிட்டது.

நாங்கள் இருப்பது இங்கிலாந்தில், டெவன் பக்கம், எக்ஸ்மூர் மேட்டுநிலத்துக்குத் தெற்கே. ஞாயிறு விடியற்காலை இரவுப் பணி முடிந்து காரில் வந்துகொண்டிருந்தேன். அக்டோபர் மாதம், இன்னும் முழுசாக விடியவில்லை. இந்தப் பக்கத்துக் கிராமச் சாலைகளைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: ஒரு கார் போகிற அகலம், இரண்டு பக்கமும் ஆள் உயரத்துக்கு மேலே மண்மேட்டு வேலி, இடையிடையே வயலுக்குள் போக ஒரு கேட். ஒரு வளைவு திரும்பியதும் நாற்பது ஐம்பது மீட்டர் முன்னால், கேட்டுக்கு அடியிலிருந்து கருப்பாக ஒன்று வந்து சாலையைக் கடந்தது. ஓடவில்லை, அவசரமே இல்லாமல் நடந்தது. நீளமான உடம்பு, தாழ்ந்த தலை. வால்தான் என்னை உலுக்கிவிட்டது. தடித்த, நீண்ட வால். தரையைத் தொடுகிற மாதிரி இறங்கி நுனியில் மேலே வளைந்திருந்தது. எதிர்ப்பக்க வேலியில் ஏறி மறைந்துவிட்டது. மொத்தமே மூன்று விநாடி.

நாய் இல்லை, நரி இல்லை. லாப்ரடார் நாய் அளவு இருந்தது என்று அடித்துச் சொல்வேன். போன் பைக்குள் இருந்தது. காரில் கேமராவும் கிடையாது. இந்த ஊரில் வேறு யாராவது இப்படிப் பார்த்திருக்கிறீர்களா?

கொக்கரக்கோ – செவ்வாய், பகல் 11.48

அக்கா, முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்துங்கள்: அது பொம்மை இல்லையே?

விளையாட்டுக்குக் கேட்கவில்லை. 2011-இல் ஹாம்ப்ஷயரில் வயலில் வெள்ளைப் புலி படுத்திருக்கிறது என்று தகவல் வந்து, போலீஸ் ஹெலிகாப்டரே கிளம்பியது. பக்கத்தில் நடந்த கிரிக்கெட் ஆட்டத்தையும் நிறுத்தினார்கள். வெப்பக் கேமராவில் பார்த்தால் புலிக்கு உடம்புச் சூடே இல்லை. ஹெலிகாப்டர் காற்றடித்ததும் புலி உருண்டுவிட்டது. 2018-இல் ஸ்காட்லாந்தின் அபெர்டீன்ஷயரில் ஒரு தொழுவத்தில் இருந்த புலியை முக்கால் மணி நேரம் போலீஸ் முற்றுகை போட்டது. அதுவும் பஞ்சடைத்த புலிதான்.

2012 எசெக்ஸ் சிங்கம் நினைவிருக்கிறதா? செயின்ட் ஓசித் கிராமத்துப் பக்கம் விடுமுறைக்கு வந்தவர்கள் வயலில் சிங்கத்தைப் பார்த்தார்கள். ஹெலிகாப்டர், துப்பாக்கிப் போலீஸ், மிருகக்காட்சி சாலை ஆட்கள் என்று ஒரு நாள் முழுக்கத் தேடியும் ஒன்றும் கிடைக்கவில்லை. அந்தப் பக்கத்து வீட்டில் வளர்ந்த மெய்ன் கூன் என்கிற பெரிய ஜாதிப் பூனையாக இருக்கலாம் என்று முடிந்தது. பூனையின் பெயர் டெடி பேர்.

வேலிப்பருத்தி – செவ்வாய், பகல் 12.30

கேலி பண்ணுவது சுலபம் தம்பி. மழைக்கால், நீங்கள் பார்த்ததை நான் நம்புகிறேன். நானும் 11 வருடமாக இந்த நாட்டுக் கிராமப்புறத்தில்தான் இருக்கிறேன். என்னோடு வேலை செய்கிறவர்களில் மூன்று பேர் இதே மாதிரி சொல்லியிருக்கிறார்கள். மூன்று பேரும் குடிக்காதவர்கள்.

காரணமும் எல்லோருக்கும் தெரிந்ததுதான். 60-களிலும் 70-களின் தொடக்கத்திலும் இங்கே யார் வேண்டுமானாலும் சிறுத்தை, பூமா (அமெரிக்கக் கண்டத்துப் பழுப்பு நிறப் பெரும்பூனை) வளர்க்கலாம். 1969-இல் லண்டன் ஹாரட்ஸ் கடையில் சிங்கக்குட்டியை விலைக்கு விற்றிருக்கிறார்கள். 1976-இல் ஆபத்தான காட்டு விலங்குகள் சட்டம் வந்ததும் உரிமம் எடு, காப்பீடு எடு, அதிகாரி வந்து கூண்டைப் பார்ப்பார் என்று ஆகிவிட்டது. கட்டுப்படியாகாதவர்கள் ராத்திரியோடு ராத்திரியாக மூர் என்கிற மேட்டுநிலத்தில் அவிழ்த்துவிட்டுப் போனார்கள். அந்தச் சமயத்தில் அவிழ்த்துவிடுவது குற்றம்கூட இல்லை. அதைத் தடுக்கும் சட்டம் 1981-இல்தான் வந்தது. அந்த வம்சம்தான் இன்று சுற்றுகிறது.

பழையபேப்பர் – செவ்வாய், மாலை 4.05

வேலிப்பருத்தி சொன்ன சட்டமும் வருடங்களும் சரி. ஆனால் ஒரு இடத்தில் கணக்கு உதைக்கிறது. கதை 1976-இல் ஆரம்பிக்கவில்லை. 60-களின் நடுவிலேயே ‘சர்ரே பூமா’ பெரிய பேச்சு. கோடால்மிங் காவல் நிலையத்தில் அதற்கென்று தனிப் பதிவேடு வைத்து, நூற்றுக்கணக்கான புகார்களை எழுதினார்கள். சட்டம் வருவதற்குப் பத்து வருடம் முன்பு! சட்டத்தால் விலங்கு வெளியே வந்தது என்றால் அந்தப் பூமா எங்கிருந்து வந்தது?

தப்பிய விலங்கே கிடையாது என்றும் சொல்ல மாட்டேன். பிரிஸ்டல் அருங்காட்சியகத்தில் பாடம் செய்து வைத்த லின்க்ஸ் (குட்டை வால் காட்டுப்பூனை) ஒன்று இருக்கிறது. 1900-களின் தொடக்கத்தில் டெவனில், ஆமாம் மழைக்கால், உங்கள் டெவனில்தான், சுட்டது. நெடுநாள் கிடங்கிலேயே கிடந்தது. 2013-இல் ஆராய்ச்சியாளர்கள் எடுத்துப் பார்த்ததில் அது கனடா லின்க்ஸ் என்று தெரிந்தது. பல் விழுந்தும் காரை பிடித்தும் இருந்ததால், பல காலம் கூண்டில் இருந்த விலங்கு என்று முடிவுக்கு வந்தார்கள்.

1980-இல் ஸ்காட்லாந்தில் கேனிக் கிராமத்துப் பக்கம் ஒரு விவசாயி கூண்டு வைத்து உயிரோடு ஒரு பெண் பூமாவையே பிடித்தார். ஃபெலிசிட்டி என்று பெயர் வைத்தார்கள். காட்டு விலங்கு மாதிரியா இருந்தது? நன்றாகக் கொழுத்து, மனிதர்கள் தடவிக்கொடுத்தால் சுகமாக உறுமிக்கொண்டு கிடந்தது. 1985-இல் செத்தது, இப்போது இன்வர்னஸ் அருங்காட்சியகத்தில் நிற்கிறது. 2001-இல் வட லண்டன் கிரிக்கிள்வுட்டில் ஒரு வீட்டுத் தோட்டத்தில் லின்க்ஸ் பிடிபட்டது. 1988-இல் ஹேலிங் தீவில் காரில் அடிபட்டுக் கிடந்தது நம் நாட்டு ஏரிக்கரைகளில் திரிகிற அதே காட்டுப்பூனை இனம்.

பிடிபட்டதையெல்லாம் வரிசையாக வைத்துப் பாருங்கள். ஒன்றுகூடக் கருப்பு இல்லை. பார்த்ததாகச் சொல்கிறவர்களோ பெரும்பாலும் ‘கருப்பாக, பெரிதாக, நீண்ட வாலோடு’ என்கிறார்கள். எனக்கு உறுத்துவது இதுதான்.

தடம்தேடி – செவ்வாய், இரவு 9.40

பழையபேப்பர் ஐயா நல்ல நூலைப் பிடித்திருக்கிறார், அதைக் கொஞ்சம் இழுத்துப் பார்க்கலாம். சில வருடம் காட்டில் தானியங்கிக் கேமரா கட்டி, எச்சம் பொறுக்கின ஆள் நான்.

கருப்புப் பூமா என்று இன்றுவரை உறுதியான ஒரு விலங்குகூட உலகில் பதிவாகவில்லை. ஆகவே ‘கருப்புப் பூமா பார்த்தேன்’ என்றால் விலங்கு எதுவாக இருந்தாலும் பெயர் தப்பு. ‘கருஞ்சிறுத்தை’ தனி இனம் இல்லை. சாதாரணச் சிறுத்தையின் கருநிற வடிவம். பெற்றோர் இருவரிடமிருந்தும் அந்த மரபணு வந்தால்தான் குட்டி கருப்பாகும். உலகில் பத்தில் ஒன்று என்கிற அளவில்தான் கருப்பு. மலாய்த் தீபகற்பத்தின் தென்பகுதி மட்டும் விதிவிலக்கு, அங்கே ஏறக்குறைய எல்லாமே கருப்பு. ராத்திரியில் அகச்சிவப்பு வெளிச்சத்தில் படம் எடுத்தால் கருந்தோலுக்குள் புள்ளிகள் தெரியும். அதை வைத்துத்தான் அங்கே இது எந்தச் சிறுத்தை என்று அடையாளம் காண்கிறார்கள். பிரிட்டனில் மட்டும் பழுப்பில் புள்ளி போட்டது யார் கண்ணிலும் அதிகம் படாமல் கருப்பு மட்டும் படுவானேன்? கருப்பாக இந்த நாட்டில் கோடிக்கணக்கில் அல்ல என்றாலும் நிறையவே இருக்கிற ஒரு விலங்கு உண்டு. வீட்டுப்பூனை.

மழைக்கால் அவர்களிடம் ஒரு கேள்வி. ‘கேட்டுக்கு அடியிலிருந்து’ என்று எழுதியிருக்கிறீர்கள். அடிக்கம்பிக்கும் தரைக்கும் நடுவே நுழைந்து வந்ததா, தூண் ஓரமாக வந்ததா? நுழைந்து வந்தது என்றால் குனிந்து ஊர்ந்ததா?

மழைக்கால் – புதன், காலை 7.15

நல்லா மாட்டிவிட்டீர்கள். எழுதும்போது ‘அடியிலிருந்து’ என்று தானாக வந்துவிட்டது. இப்போது கண்ணை மூடி யோசித்தால் கேட் தெரிகிறது, விலங்கு தெரிகிறது, இரண்டும் சேர்ந்து தெரியவில்லை. ஊர்ந்த மாதிரி நினைவில்லை.

ஆனால் வால் நினைவிருக்கிறது. அதில் சந்தேகமே கிடையாது.

வேலிப்பருத்தி – புதன், காலை 9.02

தடம்தேடி, கருப்புக்கு நான் பதில் சொல்கிறேன். 70-களில் செல்லமாக வளர்க்க வாங்கியவர்களுக்குக் கருஞ்சிறுத்தை என்றால் மோகம். கருப்பும் கருப்பும் சேர்ந்தால் பிறப்பதெல்லாம் கருப்பு. நீங்கள் சொன்ன மரபணுக் கணக்குப்படியே. எனவே வெளியே விட்டவை கருப்பாக இருந்தால் வம்சமும் கருப்பு.

அப்புறம் 2024-இல் வந்த செய்தியை யாருமே தொடவில்லையே? கம்ப்ரியா மேட்டுநிலத்தில் செத்துக்கிடந்த ஒரு ஆட்டின் மேல் எடுத்த மாதிரியில், வாரிக் பல்கலைக்கழகத்தின் பேராசிரியர் ராபின் அல்லாபி பாந்தெரா இனத்தொகுதியின் டிஎன்ஏ இருப்பதைக் கண்டார். பாந்தெரா என்றால் சிங்கம், புலி, சிறுத்தை, ஜாகுவார், பனிச்சிறுத்தை. வீட்டுப்பூனைக்கு அதில் இடமில்லை. அறிவியல் வேண்டும் என்றீர்கள், இதோ அறிவியல்.

தடம்தேடி – புதன், மதியம் 1.30

கருப்பும் கருப்பும் சேர்ந்தால் கருப்பு: ஒப்புக்கொள்கிறேன். அந்த வாதத்தில் நீங்கள் ஜெயித்தீர்கள்.

கம்ப்ரியா முடிவையும் நான் ஒதுக்கவில்லை. அந்த ஆய்வகம் பொய் சொல்கிறது என்று சொல்ல எந்தக் காரணமும் இல்லை. அதே ஆட்டில் நரியின் டிஎன்ஏயும் கிடைத்தது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். இது ஒரே ஒரு ஆடு, ஒரே ஒரு மாதிரி. ஆட்டைக் கொன்ற வாயா, பிறகு நக்கிய வாயா, மாதிரி எடுத்த கையிலோ பொருளிலோ ஒட்டியிருந்ததா என்பதை ஒரு மாதிரி சொல்லாது. எந்த இனம் என்றும் அதில் தெரியவில்லை. அதே பள்ளத்தாக்கில் இரண்டாவது, மூன்றாவது என்று கிடைக்கட்டும், நானே முதல் ஆளாகக் கேமராவைத் தூக்கிக்கொண்டு வருகிறேன்.

எனக்குப் பெரிய இடைஞ்சல் வேறு. சிறுத்தை காட்டில் 12, 15 வருடம் வாழும், கூண்டில் 20 சொச்சம். 1976-இல் விட்டவை 90-களிலேயே முடிந்திருக்கும். இன்று இருக்கிறது என்றால் ஐம்பது வருடம் குட்டி போட்டு வளர்ந்திருக்க வேண்டும். அதற்கு ஒன்று இரண்டு போதாது, பத்து இருபதாவது வேண்டும். அத்தனை இருந்தால் சாலையில் அடிபடும். அமெரிக்காவில் ஃபுளோரிடா பூமாக்கள் மொத்தமே ஏறக்குறைய 120-இலிருந்து 230 வரை என்று மதிப்பு. அதிலேயே பெரும்பாலான வருடங்களில் இருபதுக்கு மேல் வண்டியில் அடிபட்டுச் சாகின்றன. பிரிட்டன் சாலைகளில் கீரிக்குட்டி மாதிரி இருக்கிற ஸ்டோட்கூட அடிபட்டுக் கிடக்கிறது, சிறுத்தை ஒன்றுகூட இல்லையே.

ஒரே ஒரு விலங்கானாலும் எவ்வளவு சுவடு விடும் என்பதற்கு ஒரு கதை. அமெரிக்காவின் கிழக்குப் பகுதியில் பூமா அற்றுப்போய்விட்டது என்று 2011-இல் அறிவித்தார்கள். அதே வருடம் ஜூனில் கனெக்டிகட் மாநில நெடுஞ்சாலையில் ஒரு ஆண் பூமா காரில் அடிபட்டுச் செத்தது. டிஎன்ஏயைப் பார்த்தால் தெற்கு டகோட்டாவின் பிளாக் ஹில்ஸ் மலைக்காரன். 2,400 கிலோமீட்டருக்கு மேல் தனியாக நடந்து வந்திருக்கிறான். வழியில் மினசோட்டா, விஸ்கான்சின் மாநிலங்களில் ஏற்கெனவே அவன் எச்சமும் முடியும் கிடைத்திருந்தன. நியூயார்க்கில் ஒரு கொத்து முடி. ஊரே நம்பாத, ஒற்றை விலங்கு அது.

பழையபேப்பர் – புதன், மதியம் 2.10

அந்த நடை பற்றிப் படிக்கும்போதெல்லாம் எனக்குத் தொண்டை அடைக்கும். ஒரு பெண் பூமாவைத் தேடித்தானே அவ்வளவு தூரம் வந்திருப்பான், பாவம். கிழக்கே ஒருத்திகூட இல்லை.

கொக்கரக்கோ – புதன், மதியம் 2.14

ஐயா, இழையைச் சோகமாக்காதீர்கள். 2023-இல் பெர்லின் பக்கத்தில் பெண் சிங்கம் என்று ஊரே கதவைச் சாத்திக்கொண்டு கிடந்து, வீடியோவை நிபுணர்கள் பார்த்ததும் காட்டுப்பன்றி என்று சொன்னார்களே, அதை நினைத்துச் சிரியுங்கள்.

குளம்படி – புதன், இரவு 10.55

தாமதமாக வருகிறேன், இன்றைக்கு வேலை அதிகம். வேல்ஸில் கால்நடை மருத்துவராக இருக்கிறேன். நாள் முழுக்க ஆடுதான். வருடத்துக்கு இரண்டு மூன்று பேராவது செத்த ஆட்டைக் காட்டி ‘டாக்டர், இது அந்தப் பூனை வேலைதானே?’ என்று கேட்பார்கள். அதனால் அந்தப் பக்கத்தைச் சொல்கிறேன்.

பெரும்பாலும் அவர்கள் காட்டுவது சதை முழுக்கப் போய், விலா எலும்பு வெள்ளை வெளேரென்று நக்கியெடுத்த மாதிரிக் கிடக்கும் ஆடு. தோல் மட்டும் உள்வெளியாகப் புரட்டிக் கிடக்கும். ‘நாய் இவ்வளவு சுத்தமாகத் தின்னுமா?’ என்பார்கள். தின்னாதுதான். ஆனால் நரி, வளைக்கரடி (பேட்ஜர்), அண்டங்காக்கை மூன்றும் முறை போட்டு இரண்டு ராத்திரி வந்தால் அப்படித்தான் ஆகும். கண்ணும் நாக்கும் முதலில் போயிருந்தால் அது காக்கை. இதெல்லாம் செத்த பிறகு நடப்பது. ஆடு எதனால் செத்தது என்பது வேறு கேள்வி.

அதற்கு நான் செய்வது இதுதான். கழுத்தில் கம்பளியைச் சிரைத்துவிட்டுத் தோலை மெதுவாக உரிப்பேன். உயிரோடு இருக்கும்போது கடி விழுந்திருந்தால் தோலுக்கு அடியில் ரத்தம் கட்டிக் கருநீலமாக இருக்கும். கருப்பு திராட்சை ஜாம் தடவின மாதிரி. செத்த பிறகு விழுந்த கடிக்கு அது இருக்காது, ஓட்டை மட்டும் சுத்தமாக இருக்கும். சிறுத்தை என்றால் குரல்வளையில் அல்லது பிடரியில் ஒரே பிடி, ஆழமான கோரைப்பல் துளைகள், வேறெங்கும் அதிகம் கிழிந்திருக்காது. நாய் என்றால் பின்தொடை, காது, முகம் என்று கண்ட இடமெல்லாம் கடி. ஒன்றை விட்டு இன்னொன்றைத் துரத்தும், ஒரே ராத்திரியில் ஐந்தாறு போய்விடும். இத்தனை வருடத்தில் கழுத்தில் ரத்தம் கட்டின ஆடுகள் நிறையப் பார்த்தாகிவிட்டது. பல்லை அளந்து விசாரித்தால் முடிவில் ஏதாவது ஒரு வீட்டு நாய்தான். அந்த வீட்டுக்காரர் ‘எங்கள் நாய் அப்படிப்பட்டது இல்லை’ என்பார், வாசலில் அது வாலாட்டிக்கொண்டு நிற்கும்.

ஒரே ஒரு தடவை, ஒரே ஒரு ஆடு, எனக்கும் விளங்கவில்லை. குரல்வளையில் மட்டும் பிடி, வேறு கீறலே இல்லை. மாதிரி எடுப்பதற்குள் ராத்திரி மழை பிடித்துக்கொண்டது. அதை நான் சிறுத்தை என்று சொல்லவில்லை. நாய் என்றும் எழுதிக் கொடுக்கவில்லை.

வேலிப்பருத்தி, இனி யாராவது உங்களிடம் ஆட்டைக் காட்டினால் ஒன்று செய்யச் சொல்லுங்கள்: கையுறை போட்டு, கடி விழுந்த இடத்தைச் சுத்தமான பஞ்சுக்குச்சியால் துடைத்து, காயவிட்டுக் காகித உறையில் போட வேண்டும். பிளாஸ்டிக் வேண்டாம், பூஞ்சை பிடித்துவிடும். நரி வருவதற்கு முன்னால் செய்ய வேண்டும்.

வேலிப்பருத்தி – வியாழன், காலை 8.20

டாக்டர், நன்றி. இந்த இழையில் என்னை முட்டாளாக்காமல் பேசினது நீங்கள்தான். பஞ்சுக்குச்சி வாங்கி வண்டியில் போட்டுக்கொள்கிறேன்.

ஆனாலும் கேட்கிறேன். 1983-இல் எக்ஸ்மூரில் ஒரு விவசாயிக்கு மூன்று மாதத்தில் நூறு ஆடு போனது என்று சொல்லித்தானே அரசாங்கம் ராயல் மரீன் படையிலிருந்து குறிபார்த்துச் சுடுகிற வீரர்களை அனுப்பியது? வீட்டு நாய்க்கா படை போகும்?

பழையபேப்பர் – வியாழன், காலை 10.00

போனார்கள், மலையில் படுத்துக் காத்துக் கிடந்தார்கள், ஒன்றையும் சுடாமல் திரும்பினார்கள். படை போனது சிறுத்தை இருந்ததற்குச் சாட்சி ஆகாது; விவசாயிகள் சத்தம் போட்டதற்குச் சாட்சி.

அரசாங்கம் முறையாகப் பார்த்தது 1995-இல், கார்ன்வாலின் போட்மின் மூரில். வேளாண் அமைச்சகம் ஆட்களை அனுப்பியது. அவர்கள் செய்ததில் எனக்கு மிகவும் பிடித்த வேலை ஒன்று உண்டு. மக்கள் கொடுத்த படங்களையும் வீடியோவையும் எடுத்துக்கொண்டு, அதே சுவர், அதே கேட், அதே இடத்துக்குப் போய், விலங்கு நின்ற இடத்தில் அளவுகோலை நட்டுப் பார்த்தார்கள். பூதம் என்று பேர் வாங்கின உருவம் வீட்டுப்பூனை உயரத்துக்குச் சுருங்கிவிட்டது. பெரும்பூனை இருப்பதற்குச் சரிபார்க்கத்தக்க ஆதாரம் இல்லை, இல்லவே இல்லை என்றும் நிரூபிக்க முடியாது என்று அறிக்கை வந்தது.

அறிக்கை வந்து சில நாள்தான், ஃபோவி ஆற்றில் ஒரு பையனுக்குச் சிறுத்தை மண்டையோடு கிடைத்தது! நாடே குதித்தது. இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்துக்கு அனுப்பினார்கள். நிஜமாகவே சிறுத்தைதான், இளம் ஆண். ஆனால் மண்டையோட்டின் பின்பக்கம் சீராக வெட்டப்பட்டிருந்தது, கத்தி கீறின தடங்களும் இருந்தன. உள்ளே ஒட்டிக்கொண்டிருந்தது ஒரு கரப்பான் முட்டைக்கூடு. வெப்பநாட்டுக் கரப்பான், அந்தக் குளிரில் முட்டை வைக்கிற ஜாதி இல்லை. வெளிநாட்டிலிருந்து தலையோடு வந்த சிறுத்தைத்தோல் விரிப்பு அது. யாரோ ஆற்றில் போட்டிருக்கிறார்கள்.

அந்தக் கரப்பான்தான் இந்தக் கதை முழுவதிலும் எனக்குப் பிடித்த பாத்திரம்.

தடம்தேடி – வியாழன், மதியம் 12.45

வேலிப்பருத்திக்கு ஆதரவாகவும் ஒன்று சொல்லிவிடுகிறேன். ‘இவ்வளவு ஜனம் இருக்கிற இடத்தில் சிறுத்தை ஒளிந்திருக்க முடியாது’ என்று யாராவது சொன்னால் அது தப்பு. மகாராஷ்டிராவில் அகோலே என்ற கரும்பு விளைகிற பகுதியில், காடே இல்லாத, சதுர கிலோமீட்டருக்கு முந்நூறு பேருக்கு மேல் வாழ்கிற இடத்தில், வித்யா ஆத்ரேயா குழுவினர் கேமரா வைத்துப் பார்த்தார்கள். 100 சதுர கிலோமீட்டருக்கு ஏறக்குறைய 5 வளர்ந்த சிறுத்தைகள். 2013-இல் ஆய்வு வெளிவந்தது. தின்றதில் அதிகம் நாய்தான். மனிதர்களுக்கு நடுவில் சிறுத்தை சத்தமில்லாமல் வாழும்.

ஆனால் கேமரா வைத்ததும் வரிசையாகப் படத்தில் விழுந்தன. இங்கே நரிக்கும் மானுக்கும் எத்தனையோ பேர் வேலியில் கேமரா கட்டுகிறார்கள், கருஞ்சிறுத்தை ஒரு நாளும் குறுக்கே வருவதில்லை. 2025 ஜனவரியில் ஸ்காட்லாந்தில் கிங்யூசி ஊருக்குப் பக்கத்தில் யாரோ திருட்டுத்தனமாக நான்கு லின்க்ஸை விட்டார்கள். சில நாளுக்குள் கண்ணில் பட்டு நான்கும் பிடிபட்டன. ஒன்று செத்துவிட்டது.

மழைக்கால், போட்மின் அளவுகோலை நீங்களும் செய்து பார்க்கலாமே? கேட் இன்னும் அங்கேதானே இருக்கிறது.

மழைக்கால் – வியாழன், இரவு 8.30

வீட்டுக்காரர் இதைப் படித்ததிலிருந்து சும்மா இருக்கவில்லை. புது ஃபிரிட்ஜ் வந்த அட்டைப்பெட்டி கார் ஷெட்டில் கிடக்கிறது. ஞாயிறு காலை செய்து பார்க்கிறோம்.

மழைக்கால் – ஞாயிறு, பகல் 10.40

சரி, செய்தாகிவிட்டது. இரண்டு உருவம் வெட்டினோம். ஒன்று தோள் உயரம் 30 செ.மீ., கொழுத்த கடுவன் பூனை. இன்னொன்று 65 செ.மீ., சிறுத்தை. இரண்டுக்கும் கருப்புப் பெயின்ட். பெரியதற்கு அட்டையிலேயே வால் வந்தது. சின்னதற்கு அட்டை போதவில்லை. ஒரு துண்டை வாலாக ஒட்டினார், தூக்கும்போதே பிய்ந்து விழுந்துவிட்டது. போகட்டும் என்று வாலில்லாமலே எடுத்துப் போனோம்.

அதே நேரம், அதே வெளிச்சம். அவர் கேட் பக்கத்தில் ஒளிந்துகொண்டு ஒவ்வொன்றாக நிறுத்தினார். எது முதலில் என்று எனக்குச் சொல்லவில்லை. நான் வளைவு திரும்பி வந்தேன்.

முதலில் தெரிந்ததைப் பார்த்து நான் போட்ட சத்தம் அவருக்கே கேட்டதாம். ‘இதுதான், இதே அளவுதான்!’ இறங்கி ஓடிப் பார்த்தால் 30 செ.மீ.

பெரியதை வைத்ததும் எனக்கு அது கன்றுக்குட்டி மாதிரி இருந்தது. சாலையின் பாதியை அடைத்துக்கொண்டு. நான் அன்று பார்த்தது அது இல்லை. கேட்டையும் அளந்தோம். அடிக்கம்பிக்கும் தரைக்கும் நடுவே 17 செ.மீ.தான், ஒரு இடத்தில் மட்டும் மண் அரித்து 22. தூரமும் ஐம்பது மீட்டர் இல்லை, இருபத்தெட்டு.

எல்லோருக்கும் நன்றி. அளவில் நான் தோற்றேன். வாலை மட்டும் விட்டுக்கொடுக்க மாட்டேன். அது பூனை வால் இல்லை.

கொக்கரக்கோ – ஞாயிறு, பகல் 10.52

அண்ணனுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள். விடியற்காலையில் அட்டைப் பூனையைத் தூக்கிக்கொண்டு வேலிக்குள் ஒளிகிற கணவர் எல்லோருக்கும் கிடைக்க மாட்டார்.

வேலிப்பருத்தி – ஞாயிறு, பகல் 11.30

பார்த்ததை அளந்து பார்த்து, தப்பென்றால் தப்பு என்று எழுதினீர்கள் பாருங்கள், அதற்கு மரியாதை. ஆனால் உங்கள் கேட்டில் வந்தது பூனை என்றால் என் நண்பர்கள் பார்த்ததும் பூனை என்று ஆகிவிடாது. டாக்டரின் அந்த ஒரு ஆட்டை நான் மறக்கவில்லை.

குளம்படி – ஞாயிறு, பகல் 12.05

நானும் மறக்கவில்லை.

மழைக்கால் – புதன், இரவு 9.10

முடிந்தது என்று நினைத்தேன், இதைச் சொல்லாமல் தூக்கம் வராது போலிருக்கிறது.

ஞாயிறு காலை நாங்கள் அந்தச் சின்ன உருவத்தை நிறுத்தியிருந்தபோது எதிர்ப்பக்கம் இருந்து ஒரு வேன் வந்து, எங்களைக் கடந்து நிற்காமல் போனது. வீட்டுக்காரர் வேலிக்குள் இருந்ததால் அவரைப் பார்த்திருக்க மாட்டார்கள். என் கார் வளைவுக்கு அந்தப் பக்கம் நின்றது. அதோடு மறந்துவிட்டோம்.

இன்று எங்கள் ஊர் முகநூல் குழுவில் ஒருவர் எழுதியிருக்கிறார். ஞாயிறு விடியற்காலை, அதே சாலை, அதே கேட். கருப்பாகச் சிறுத்தை ஒன்று அசையாமல் நின்று தன்னையே உற்றுப் பார்த்ததாம். இருபது வருடமாக அந்தச் சாலையில் வண்டி ஓட்டுகிற தனக்கு நாய்க்கும் பூனைக்கும் வித்தியாசம் தெரியும், லாப்ரடாரைவிடப் பெரியது என்று எழுதியிருக்கிறார். கீழே நாற்பது பேர் ‘நானும் பார்த்தேன்’ என்று போட்டிருக்கிறார்கள்.

அவருடைய பதிவை வீட்டுக்காரருக்குச் சத்தமாகப் படித்துக் காட்டினேன். பாதியில் நிறுத்திவிட்டேன். நீளமான, தடித்த வால், நுனியில் மேலே வளைந்திருந்தது என்று எழுதியிருக்கிறார்.